‘பதினஞ்சு நாளைக்குத்தானே குடுத்தாங்க?’ - தூக்க மாத்திரையை நிறுத்தியதும் உடம்பு ஏன் இப்படிப் படுத்துகிறது?

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊரான அம்மையார்குப்பம். அந்த ஊர்ப் பையன் ஒருவர், வயது 27. பஸ் பிடித்து திருத்தணி வந்து, அங்கிருந்து ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருபவர். அப்பா திடீரென்று இறந்துபோகிறார். காரியம் முடிந்த பிறகும் தூக்கம் வரவில்லை. நெஞ்சு அடைக்கிறது. டாக்டர் ‘அல்பிரசோலம்’ மாத்திரையை 15 நாளைக்கு எழுதிக் கொடுக்கிறார். முதல் ராத்திரியே நிம்மதியான தூக்கம்.

பதினைந்து நாள், ஐந்து வாரம் ஆகிறது. “இதுக்கு அடிமையாயிடப் போறே” என்று யாரோ பயமுறுத்த, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிறார். திங்கள் இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை கை நடுங்குகிறது. ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவதுகூட காதுக்குள் ஆணி அடிப்பது மாதிரி இருக்கிறது. ‘எனக்கு ஏதோ பெரிய வியாதி வந்துடுச்சு’ என்று முடிவு கட்டுகிறார்.

இந்தப் பையன் கற்பனைதான். ஆனால் இந்தத் திங்கள், செவ்வாய் பலருக்கும் நடப்பது. மருந்தை ஒழுங்காக, டாக்டர் சொன்னபடி சாப்பிட்டவர்களுக்கும் நடக்கிறது. ஏன்?

இது என்ன மருந்து?

அல்பிரசோலம், குளோனாசிபாம், லோராசிபாம், டயசிபாம் எல்லாம் ஒரே குடும்பம். பெயர் ‘பென்சோடயசிபைன்’. பதற்றம், தூக்கமின்மை, வலிப்பு ஆகியவற்றுக்குக் கொடுக்கப்படுபவை.

ரோச் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் 1950-களில் கண்டுபிடித்த குளோர்டயசிபாக்சைடுதான் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1960-இல் ‘லிப்ரியம்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963-இல் டயசிபாம், அதாவது ‘வேலியம்’ வந்தது. முன்பிருந்த பார்பிட்யூரேட் தூக்க மருந்துகளைவிடப் பாதுகாப்பானவை என்பதால் உலகம் முழுக்க பிரபலமாயின. ஆனால் லிப்ரியம் சந்தைக்கு வந்த அடுத்த வருடமே, 1961-இல், அதை அதிக அளவில் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்தியபோது ஏற்பட்ட உபாதைகள் மருத்துவ இதழில் பதிவாகிவிட்டன. ஆக, இது புதுக் கதை இல்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

விசைத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தடதடவென்று தறி ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தை அயர்ந்து தூங்கும். கரன்ட் போய் தறி நின்றால், அந்த அமைதியில் விழித்துக்கொள்ளும். சத்தத்துக்கு ஏற்றபடி காது தன்னைச் சரிசெய்துகொண்டதுதான் காரணம்.

மூளையும் அப்படித்தான். நரம்புகளின் பரபரப்பை அடக்க ‘காபா’ என்ற வேதிப்பொருள் மூளையில் இருக்கிறது. வண்டிக்கு பிரேக் மாதிரி. பென்சோடயசிபைன் இந்த பிரேக்கை இன்னும் பலமாக வேலை செய்ய வைக்கிறது. அதனால்தான் முதல் மாத்திரையிலேயே மனசு அடங்குகிறது.

தினமும் வெளியிலிருந்து உதவி வந்தால் மூளை சும்மா இருக்காது. காபாவுக்குத் தன் சொந்த உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். பரபரப்பைத் தூண்டும் பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மாத்திரை திடீரென்று நின்றால், பிரேக் தளர்ந்து, ஆக்ஸிலரேட்டர் அழுத்தியபடி வண்டி ஓடும். படபடப்பு, நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் அதன் விளைவுகள்.

இதற்குப் பெயர் ‘உடல் சார்பு நிலை’. இதை ‘அடிமைத்தனம்’ என்று சொல்வது தவறு. போதைக்காகத் தேடித் தேடி, கெடுதல் என்று தெரிந்தும் சாப்பிடுவது அடிமைத்தனம். சொன்ன நேரத்துக்கு, சொன்ன அளவில் சாப்பிட்டவரின் உடம்பும் மருந்துக்குப் பழகிவிடுவது சார்பு நிலை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சில வாரத்திலேயே இப்படி ஆகுமா?

ஆகலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்டிஏ, 2020 செப்டம்பரில் இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் தன் உச்சபட்ச எச்சரிக்கையான ‘கட்டமிட்ட எச்சரிக்கை’யை விரிவுபடுத்தியது. தொடர்ந்து சில நாள்கள் முதல் சில வாரங்கள் சாப்பிட்டாலே, அதுவும் டாக்டர் எழுதியபடியே சாப்பிட்டாலும், சார்பு நிலை வரலாம் என்று அது சொன்னது. பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-லேயே, கடுமையான பதற்றத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் மட்டும் கொடுங்கள் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது.

அதே 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், திடீர்ப் பீதி நோய் உள்ளவர்களுக்கு 8 வாரம் அல்பிரசோலம் கொடுத்து, பிறகு 4 வாரத்தில் குறைத்து நிறுத்தினார்கள். அப்போதும் சுமார் மூன்றில் ஒருவருக்கு விலகல் அறிகுறிகள் தென்பட்டன.

அதற்காக, சாப்பிடும் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. எப்போதாவது ஓர் இரவு போட்டவருக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. தினமும் எடுப்பது, அளவு கூடுவது, நாள் நீள்வது, சட்டென்று நிறுத்துவது - இவை சேரச் சேர ஆபத்து கூடும். மருந்தின் வகையும் முக்கியம். அல்பிரசோலம், லோராசிபாம் போன்றவை உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறும். அதனால் நிறுத்திய ஓரிரு நாளிலேயே தொந்தரவு ஆரம்பிக்கும். டயசிபாம் மெதுவாக வெளியேறும். சில நாள் கழித்து, ‘அதான் நல்லா இருக்கேனே’ என்று நினைக்கும்போது வந்து நிற்கும்.

‘கால் மில்லிகிராம்தானே’ என்ற நினைப்பும் ஏமாற்றும். பிரிட்டனின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே தனி கிளினிக் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டனின் கணக்குப்படி, 0.5 மில்லிகிராம் அல்பிரசோலம் ஏறக்குறைய 10 மில்லிகிராம் டயசிபாமுக்குச் சமம். சின்ன எண் என்பதால் சின்ன மருந்து ஆகிவிடாது.

பழைய வியாதியா, மருந்தை விட்டதன் விளைவா?

நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான். நடப்பது மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

*மறுவீச்சு:* முன்பிருந்த அதே தூக்கமின்மை, அதே பதற்றம். ஆனால் முன்பைவிடக் கூடுதல் வேகத்தில், நிறுத்திய உடனே வரும். பெரும்பாலும் சில நாளில் தணியும்.

*விலகல் அறிகுறிகள்:* முன்பு இல்லாத புதுத் தொந்தரவுகள். கை நடுக்கம், வியர்வை, தசை இறுக்கம், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் போவது, தோலில் ஊர்வது போன்ற உணர்வு, சுற்றியிருப்பது நிஜமில்லை என்பது போன்ற தோற்றம். பொதுவாகச் சில வாரங்களில் குறையும். சிலருக்கு நீளும்.

*பழைய நோய் திரும்புவது:* இது மெல்ல மெல்ல, பழைய வடிவிலேயே வரும். நாளாக ஆகத் தானாகக் குறையாது.

முதல் இரண்டையும் மூன்றாவது என்று நினைத்து, ‘மாத்திரை இல்லாம என்னால முடியாது போல’ என்று மறுபடி ஆரம்பிப்பவர்கள் பலர். சில நாள் மருந்து, மாசக் கணக்கு ஆவது இப்படித்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைத்த பாடம்

திடீர் நிறுத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, தெலங்கானாவில் நடந்தது சாட்சி. அங்கே கள்ளில் போதைக்காக டயசிபாம், அல்பிரசோலம், குளோரல் ஹைட்ரேட் கலப்பது நீண்டகாலப் பிரச்சினை. 2015-இல் கலப்படக் கள்ளுக்கு எதிராக அரசு கெடுபிடி காட்டியதும், நிஜாமாபாத் உள்ளிட்ட மாவட்டங்களில் நிறையப் பேர் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பத்தோடு மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். தாங்கள் குடித்தது கள் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். உள்ளே இருந்த மாத்திரை அவர்களுக்குத் தெரியாது.

அது வருடக்கணக்கில், அளவு தெரியாமல் உள்ளே போன மருந்து. ஐந்து வாரம் மாத்திரை சாப்பிட்டவரின் நிலை அதுவல்ல. ஆனால் மூளையில் நடக்கும் வேலை ஒன்றுதான்.

தெரியாமலே நீங்களும் சாப்பிடுகிறீர்களா?

அட்டையைத் திருப்பி, பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். ‘சிபாம்’ அல்லது ‘சோலம்’ என்று முடிந்தால் இந்தக் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நம் ஊரில் கூட்டு மாத்திரைகள் சகஜம். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமுடன் குளோனாசிபாம் சேர்ந்த மாத்திரை ஓர் உதாரணம். ‘கேஸ், வயித்து வலி’ என்று போனவருக்குத் தரப்படும் சில மாத்திரைகளில் குளோர்டயசிபாக்சைடு இருக்கும். வயிற்று மாத்திரைதானே என்று நிறுத்திவிட்டு, தூக்கம் ஏன் போச்சு என்று குழம்ப வேண்டியிருக்கும்.

சரி, எப்படி நிறுத்துவது?

தினமும் சில வாரங்கள் சாப்பிட்டிருந்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய், “எத்தனை நாளா, எவ்வளவு சாப்பிடறேன்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். கூடுதலாகப் போட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2025-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், சார்பு நிலை வந்தவர்களுக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் வரை குறைத்துப் பார்க்கலாம் என்கிறது. எவ்வளவு வேகமாகப் போனாலும் இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொஞ்ச நாளே சாப்பிட்டவர்களுக்கு இதைவிடச் சீக்கிரம் முடியலாம். உங்கள் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும்.

இன்னும் சில விஷயங்கள்:

- தூக்கம் வரவில்லை என்று குடிக்காதீர்கள். மதுவும் இதே காபாவில்தான் கை வைக்கிறது. மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் இதே எச்சரிக்கை.
- பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். பெயர் ஒன்று போல இருந்தாலும் வீரியம் வேறு.
- குறைக்கும் நாள்களில் காபி, டீயைக் கட்டுப்படுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.
- நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக, மாத்திரைக்குப் பதில் ‘சிபிடி’ எனப்படும் பேச்சு, பழக்கவழக்கப் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே பரிந்துரைத்தது. டாக்டரிடம் கேளுங்கள்.
- வலிப்புக்காக குளோபசாம், குளோனாசிபாம் சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும், முதியவர்களும் ஒரு வேளைகூட சொந்த முடிவில் மாற்றக் கூடாது.

வலிப்பு, கடும் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சலோடு கடும் நடுக்கம், செத்துப்போகலாம் என்ற எண்ணம் - இதில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

மெடிக்கல்லில் சும்மா தருகிறார்களே?

தரக் கூடாது. 2014 மார்ச் 1 முதல் அமலில் உள்ள ‘ஹெச்1’ பட்டியலில் அல்பிரசோலம், டயசிபாம், நைட்ராசிபாம், குளோர்டயசிபாக்சைடு, சோல்பிடம் ஆகியவை இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி ‘இன்னும் ரெண்டு அட்டை குடுங்கண்ணே’ என்று கேட்பதும், அவர் கொடுப்பதும் இந்த ஏற்பாட்டையே ஓட்டை ஆக்குகின்றன. உங்கள் மூளைக்குப் போட்டிருந்த காலக்கெடு அங்கேதான் காணாமல் போகிறது.

நம் கற்பனைப் பையனுக்கு வருவோம். அவருக்குப் பெரிய வியாதி எதுவும் இல்லை. அப்பா போன துக்கமும், ஐந்து வாரம் பழகிய மூளையும்தான். அட்டையை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரிடமே திரும்பிப் போனால், சில வாரத்தில் வெளியே வந்துவிடலாம். முதல் நாள் மருந்துச் சீட்டை வாங்கும்போதே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவு தூரமே வந்திருக்காது: “டாக்டர், இதை எப்ப நிறுத்தணும்? எப்படி நிறுத்தணும்?”