ஒளிரும் வால்வும் உப்புக் காற்றும்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரை, வானொலிக்கு வாய்த்த இடம். கடல்நீர் மின்சாரத்தை வயல் மண்ணைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். அதனால் கரையோரம் நிறுத்திய செங்குத்து ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் சிற்றலை, அடிவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் அதிகம் வலுக்குன்றாமல் வெளியேறுகிறது. வெகுதொலைவுத் தொடர்புக்கு வேண்டியது அந்தத் தாழ்ந்த கோணம்தான். ஆனால் ஆன்டெனாவுக்குக் கைகொடுக்கும் அதே உப்பு, காற்றில் ஏறி வீட்டுக்குள் வந்து ஆம்ப்ளிஃபயருக்குள் படிகிறது. மாமல்லபுரம் பக்கம் அமெச்சூர் வானொலி நிலையம் வைத்திருப்பவருக்குக் கடல் பாதி நண்பன், பாதி எதிரி.

அமெச்சூர் வானொலிக்காரர்களை உலகம் 'ஹாம்' என்று அழைக்கிறது. அவர்கள் 'லீனியர்' என்று குறிப்பிடும் பவர் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் இன்னமும் வெற்றிடக் குழாய்களான வால்வுகள்தான் வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று மக்கர் செய்தால் "வால்வு போச்சு" என்ற தீர்ப்பு சட்டென்று வந்துவிடுகிறது. அப்படிக் கழித்துக்கட்டப்படும் வால்வுகளில் பல உண்மையில் சாகவில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

வால்வுக்கும் நம் ஊருக்கும் உறவு நூறாண்டைத் தாண்டியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. பிறகு அது 200 வாட்டாக உயர்ந்தது. பணமுடையால் 1927இல் கிளப் மூடப்பட, கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இல் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. டிரான்சிஸ்டர் பிறக்காத அந்தக் காலத்தில் எல்லாமே வால்வின் புண்ணியம். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ பெட்டிகளுக்கான வால்வுகளையும், 1967இல் டிரான்ஸ்மிட்டர் வால்வுகளையும் தயாரிக்கத் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் தேடினாலும் இவற்றைச் செய்யும் ஆலைகள் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ளன. கையிலிருக்கும் வால்வைக் காப்பாற்றத் தெரிந்திருப்பது அதனாலேயே முக்கியம்.

டிரான்சிஸ்டர் வந்த பிறகும் ஹாம்கள் வால்வை விடாததற்குக் காரணம் உண்டு. ஆன்டெனா காற்றில் அறுந்தால் அனுப்பிய சக்தி திரும்பி வந்து ஆம்ப்ளிஃபயரைத் தாக்கும். பாதுகாப்புச் சுற்று இல்லாத டிரான்சிஸ்டர் கண்ணிமைப்பதற்குள் எரிந்துவிடும். வால்வோ சில நொடிகள் சிவந்து, நமக்கு அவகாசம் கொடுத்துத் தாங்கும்.

ஒரு வால்வு வேலை செய்ய மூன்று தேவை. எலக்ட்ரானை உமிழும் அளவுக்குச் சூடு. அந்த எலக்ட்ரான் தடையின்றிப் பறக்க வெற்றிடம். எலக்ட்ரானை உமிழும் ஃபிலமென்ட், அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட், அதைப் பெற்றுக்கொள்ளும் பிளேட் மூன்றும் ஒன்றையொன்று தொடாத இடைவெளி. வால்வுக்குள் நேரும் பழுது எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்று கெட்டதன் விளைவுதான்.

சூடு

ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் 811ஏ, 572பி, 3-500இசட் ஆகிய வால்வுகளின் ஃபிலமென்ட், சிறிதளவு தோரியம் கலந்த டங்ஸ்டன் கம்பி. சுத்தமான டங்ஸ்டனிலிருந்து எலக்ட்ரான் வெளியேற 4.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும்; அதற்குக் கம்பியை ஏறத்தாழ 2,200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும். கம்பியின் மேற்பரப்பில் ஓர் அணு கனத்துக்குத் தோரியம் படிந்துவிட்டால் 2.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். சுமார் 1,700 டிகிரியில் வேலை முடிந்துவிடும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கத்தில், 1996இல் இயங்கத் தொடங்கிய 'காமினி' ஆய்வு உலை, தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்டது. அணு உலையில் எரிபொருளுக்கு மூலமாகும் அதே தனிமம், வால்வுக்குள் எலக்ட்ரான் வெளியேற வழிவிடுகிறது.

அந்த ஓரணுப் படலம் நிலையானதல்ல. மேலே ஆவியாகிக்கொண்டும், கம்பிக்குள்ளிருந்து கசிந்து நிரம்பிக்கொண்டும் இருக்கும். சூடு கூடினால் ஆவியாவது விஞ்சும். குறைந்தால் நிரம்புவது தடைபடும். ஆகவே 3-500இசட் வால்வுக்கு ஃபிலமென்ட் வோல்டேஜ் 5. ஏற்ற இறக்கம் 5 சதவீதத்துக்குள், அதாவது 4.75 முதல் 5.25க்குள், இருக்க வேண்டும். நம் கிராமங்களில் மாலை நேரத்து லோ வோல்டேஜை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு 190 வோல்ட் வந்தால் ஃபிலமென்ட்டுக்குக் கிடைப்பது சுமார் 4.1 வோல்ட். நள்ளிரவில் அது 250 ஆனால் 5.4 வோல்ட். இரண்டுமே வால்வின் ஆயுளைத் தின்பவை. நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று புது வால்வைவிட மலிவு.

'டிரைவை, அதாவது உள்ளே கொடுக்கும் சிக்னலை, கூட்டினாலும் அவுட்புட் ஏறவில்லை, கிரிட் கரன்ட்டும் பிளேட் கரன்ட்டும் சேர்ந்தே குறைகின்றன' என்றால் உமிழ்வு குறைந்துவிட்டது என்று பொருள். ஆனால் வால்வைக் குற்றம் சொல்லும் முன் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். 3-500இசட் வால்வின் ஃபிலமென்ட் இழுப்பது 14.5 ஆம்பியர். உப்புக் காற்றில் பச்சை பூத்த சாக்கெட்டில் ஓமின் இருபதில் ஒரு பங்கு தடை சேர்ந்தாலே முக்கால் வோல்ட் அங்கேயே தங்கிவிடும்; பத்து வாட் வெப்பம் அந்த ஒரு பின்னில் இறங்கும். பின்னுக்குள் இருக்கும் சால்டர் இளகி வழிந்து, ஃபிலமென்ட் விட்டுவிட்டு எரியத் தொடங்கும். அறுந்த ஃபிலமென்ட் என்று பலர் தூக்கியெறிவது இதைத்தான். பின்னைச் சுத்தம் செய்து, வால்வைத் தலைகீழாகப் பிடிக்காமல் பின் கீழ்நோக்க வைத்து, புதிதாகச் சால்டர் ஏற்றினால் வால்வு மீண்டும் ஒளிரும். பிறகு சாக்கெட்டின் பிடிப்பை இறுக்கி, ஃபேன் காற்று அடிப்பாகத்துக்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையேல் அதே பழுது திரும்ப வரும்.

இரண்டு வால்வு உள்ள லீனியரில் இன்னும் எளிய சோதனை உண்டு. இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பழுது வால்வோடு போனால் வால்வில் கோளாறு. இருந்த இடத்திலேயே நின்றால் சாக்கெட்டிலோ சுற்றிலோ கோளாறு.

வெற்றிடம்

சின்ன வால்வுகளின் கண்ணாடி உச்சியில் வெள்ளிப் பூச்சு பளபளக்கும். 'கெட்டர்' எனப்படும் அந்தப் பேரியம் படலம், உள்ளே தப்பி நிற்கும் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வுக்கு வைத்தியம் இல்லை.

3-500இசட் வால்வில் அந்த வெள்ளி இல்லை. பிளேட்டில் பூசிய சிர்கோனியமே அந்த வேலையைச் செய்கிறது, அதுவும் பிளேட் சூடாக இருக்கும்போது மட்டும். இந்தியாவில் பொதுத் தர உரிமம் பெற்ற ஹாமுக்கு 400 வாட்தான் வரம்பு. அதற்குமேல் தாங்கும் வால்வை இங்கே மெதுவாக ஓட்டுவதால் ஆயுள் நீளும். ஆனால் பிளேட் தன் முழுச் சூட்டை எட்டுவது அரிது. அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த வால்வில் வாயு சேர்ந்திருக்கும். அதற்கு எடுத்த எடுப்பிலேயே 3,000 வோல்ட் கொடுத்தால் 'படார்' என்று உள்ளே மின்பொறி பாயும்.

சரியான வழி பொறுமைதான். முதலில் ஃபேனை ஓடவிட்டு ஃபிலமென்ட்டை மட்டும் பல மணி நேரம் எரியவிட வேண்டும். பிறகு குறைந்த பிளேட் வோல்டேஜில் தொடங்கி ஏற்றி, சிக்னல் கொடுக்காமல், ஓய்வு மின்னோட்டத்திலேயே பிளேட் மங்கிய சிவப்பு காட்டும்வரை சூடாக்க வேண்டும். சிர்கோனியம் அப்போதுதான் வாயுவை விழுங்கும். இந்த வால்வில் பிளேட் மங்கலாகச் சிவப்பது நோயல்ல.

நீல வெளிச்சத்தைப் பார்த்தும் பயந்துவிட வேண்டாம். கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டியதுபோல் தெரியும் நீலம், வழிதவறிய எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது, தீங்கற்றது. கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே பனிபோல் நிற்கும் ஊதா கலந்த நீலம்தான் வாயுவின் அடையாளம்.

இடைவெளி

ஃபிலமென்ட் தொய்ந்து கிரிட்டைத் தொட்டால் கிரிட் வேலை செய்யாது. வால்வைக் கழற்றி, கிரிட் பின்னுக்கும் ஃபிலமென்ட் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் எந்தத் தொடர்பும் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த வால்வை விட்டுவிடலாம். வராமல் தடுக்க ஒரே வழி, வால்வை எப்போதும் செங்குத்தாகவே வைப்பது. படுக்கவைத்தால் சூட்டில் இளகிய கம்பி தன் எடையாலேயே தொய்யும்.

வால்வுக்கு வெளியேயும் இடைவெளி கெடும். பீங்கான் இன்சுலேட்டர் மேல் படியும் உப்புத் தூசி மழைக்கால ஈரத்தை இழுத்து, உயர் வோல்டேஜுக்கு நடைபாதை போட்டுவிடும். அங்கே பாயும் மின்பொறியின் சத்தமும், வால்வுக்குள் பாயும் மின்பொறியின் சத்தமும் கேட்பவருக்கு ஒன்றுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவைத்துவிட்டு மறுபடி சோதித்தால் பாதிப் புகார்கள் அங்கேயே தீரும். கடலோர நிலையத்தில் மழைக்காலம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் இதைச் செய்வது கட்டாயம்.

எல்லாவற்றுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. 25 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வரிசையில் 3,000 வோல்ட் ஏறி நின்றால் அதில் 112 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கும். தாளம் தவறித் துடிக்கும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் மருத்துவக் கருவி செலுத்துவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நல்ல இதயத்தை நிறுத்த அது போதும். அந்த மின்னேற்றத்தை வடியவைக்கும் ப்ளீடர் ரெசிஸ்டர் எரிந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இறங்காது. பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்து, எர்த் செய்த கம்பியால் தொட்டு, அதன் பிறகே கை உள்ளே போக வேண்டும். இந்த ஒழுக்கம் இல்லாதவர் மூடியைத் திறக்கவே கூடாது.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுகளில் மின்சாரம் போய்விடும். வீட்டு மின்சாரத்தையே நம்பியிருக்கும் வால்வு லீனியர் உதவாது. கார் பேட்டரியில் ஓடும் 100 வாட் டிரான்சிஸ்டர் செட்தான் அப்போது துணை. ஆனால் அந்த செட் பேசாமல் போனால், ஊகத்தை ஒதுக்கி அளந்து பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் ஆள் அங்கே வேண்டும். வால்வு வளர்ப்பது அந்த ஆளைத்தான். ஏனென்றால் நிறத்தாலும் சூட்டாலும் தன் நிலையைக் கண்ணுக்கே காட்டிவிடும் மின்னணு உறுப்பு அரிது.

காட்டாங்குளத்தூரிலிருந்து கடற்கரைவரை பொறியியல் கல்லூரிகள் நிறைந்த மாவட்டம் இது. 12 வயது நிரம்பிய எவரும் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெறலாம். மாணவர்களுக்கு ஒரு வால்வு லீனியரை மூடி போட்ட நிலையில் ஓட்டிக் காட்டி, மாதம் ஒரு முறை ஃபிலமென்ட் வோல்டேஜ், பிளேட் கரன்ட், கிரிட் கரன்ட் மூன்றையும் நோட்டில் எழுதவையுங்கள். ஓராண்டில் அந்த எண்கள், வால்வு எப்போது களைக்கும் என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கும். பழுது வந்த நாளில் நோட்டை முதலிலும், சாக்கெட்டை அடுத்தும், வால்வை அதன் பிறகும் பார்க்கட்டும். புது வால்வின் விலையை விசாரிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.