எழுந்து நிற்கச் சொல்லும் குரல்

உதவித்தொகைப் படிவம் வந்ததும் பல வகுப்பறைகளில் ஒரு குரல் எழுகிறது: "எஸ்.சி. மாணவர்கள் எழுந்து நில்லுங்கள்." நிர்வாக வசதிக்காகவே என்பர். அக்கணத்தில் மாணவரின் மனத்தில் நிகழ்வதை நாம் பேசியதில்லை.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் மேற்கொண்ட ஆய்வு 2004இல் வெளியானது. ஆதிக்கச் சாதிச் சிறுவர்கள் 321 பேர், தலித் சிறுவர்கள் 321 பேர். தாளில் வரைந்த சுற்றுப்பாதைகளிலிருந்து வெளியேறும் வழியைக் கண்டறிய வேண்டும்; தீர்த்த புதிருக்குப் பணம் உண்டு. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெயரோடு சாதியும் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்ட குழுக்களில் தலித் சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் குறைந்தன. எவரும் வசைபாடவில்லை, மிரட்டவில்லை. அறிவித்ததே போதுமாயிருந்தது. ('தகுதி' பேசுவோர் இவ்வாய்வை மேற்கோள் காட்டி நாம் கண்டதில்லை.)

வழக்கறிஞர்களாக நாம் இடறுவது இங்கேதான். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப்பார்வையில் நிகழும் அவமதிப்புக்கும் இழிவுபடுத்தும் உள்நோக்கம் இருந்ததா என்று கேட்கிறது. "பட்டியல்தானே எடுத்தேன்" என்று ஆசிரியர் சொன்னால் வழக்கு தளர்ந்துவிடும். பிரவுன் வழக்கில் 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறுவிதமாக அணுகியது: கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்து வைப்பது அவர்கள் மனத்தில் விதைக்கும் தாழ்வுணர்வையே தீங்காகக் கண்டது.

சேர்க்கையின்போதே சாதிச் சான்றிதழ் அலுவலகத்துக்குச் சென்றுவிடுகிறது. பிறகு எதற்கு எழுந்து நிற்க வேண்டும்? தகவலைத் தனித்தனியே தெரிவிக்குமாறு முதல்வருக்கு எழுத்துமூலம் மனு கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். அடுத்த முறை "தெரியாமல் நடந்தது" என்று அவர்கள் சொல்ல முடியாது.