நிறுத்தமா, ஒத்திவைப்பா?

"இரத்த அணுக்கள் குறைந்துவிட்டன, சிகிச்சையை நிறுத்துவோம்" என்று புற்றுநோய் மருத்துவர் கூறியதும் குடும்பமே கலங்கிப்போகிறது. அச்சொல்லின் பொருளைக் கேட்டறிவது அவமரியாதையன்று. முற்றிலும் நிறுத்தமா, சில நாள் ஒத்திவைப்பா? குறைந்தது எந்த அணு? கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் வெள்ளணுக்கள், பெரும்பாலான மருந்துகளுக்குப் பின் 7 முதல் 14 நாட்களில் மிகத் தாழ்ந்து, மூன்று நான்கு வாரங்களில் மீள்வது வழக்கம். மைக்ரோலிட்டருக்கு 1,000-க்குக் கீழிருப்பின் அடுத்த தவணையைத் தள்ளிவைப்பது பலவிடங்களிலும் நடைமுறை. மருந்தளவைக் குறைத்துத் தொடரலாமா, 1991 முதல் வழக்கிலுள்ள பில்கிராஸ்டிம் ஊசி உதவுமா என்றும் வினவலாம். அது வெள்ளணுவையே பெருக்கும். தட்டணுக் குறைவுக்குப் பயன்படாது. நோயை முற்றிலும் நீக்கும் நோக்குடைய சிகிச்சையெனில் இக்கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் மட்டும், கேள்விகளை ஒத்திவைத்து உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.