இதயத்தின் வடுவைக் காட்டும் காந்தம்

இளம் வயதில் நேரும் திடீர் மரணத்துக்குப் பின்னால் பரம்பரைக் கோளாறு ஒளிந்திருக்கலாம். எஞ்சியிருப்பவர்களைக் காப்பாற்ற எம்ஆர்ஐ ஸ்கேன் உதவும். ஆனால் முதலில் குடும்பம் வாய் திறக்க வேண்டும்.

நவராத்திரி வந்தால் திருவனந்தபுரத்துக்கு எல்லை தாண்டி மூன்று விருந்தாளிகள் வருகிறார்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை, வேளிமலை குமாரகோயிலிலிருந்து முருகன். முருகன் தங்குவது ஆரியசாலை தேவி கோயிலில். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் இந்த யாத்திரை நிற்கவில்லை. பக்கத்திலிருக்கும் சாலைக் கடைவீதியில் தமிழ்க் குரல் கேட்பதும் நிற்கவில்லை.

ஆண்டு முழுவதும் இதே எல்லையைத் தாண்டி வருகிறவர்கள் நோயாளிகள். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வரும் இதய நோயாளிகள் பலர் தேடிப் போவது, ஆரியசாலைக்குச் சில கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தை. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973இல் கொடுத்த கட்டடத்தில் உருவான நிறுவனம் இது. 1980இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்றது. உள்நாட்டிலேயே தயாரான செயற்கை இதய வால்வை 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியதும் இங்கேதான்.

இப்படி வருகிறவர்களில் சிலருடைய கதை ஒரு சாவிலிருந்து தொடங்குகிறது. நன்றாக இருந்த இளைஞன் விளையாடும்போதோ தூக்கத்திலோ விழுந்து இறந்துபோகிறான். ஊர் அதை ‘மாரடைப்பு’ என்று சொல்லி முடித்துவிடுகிறது. ஆனால் மாரடைப்பு வேறு, துடிப்புக் கோளாறு வேறு. முன்னது இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் ஏற்படும் அடைப்பு. பின்னது இதயத்தை இயக்கும் மின்சாரத்தில் ஏற்படும் குழப்பம். இளம் வயதில் நேரும் திடீர் மரணங்களில் கணிசமானவை இந்த இரண்டாவது வகை. அதற்குக் காரணம் பல சமயம் பரம்பரைக் கோளாறு. இறந்தவனின் தம்பிக்கும் தங்கைக்கும் அது இருக்கலாம்.

இதில் மிகப் பரவலானது இதயத் தசை தடித்துப்போகும் நோய். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது உலக அளவிலான மதிப்பீடு. பெற்றோரில் ஒருவருக்கு இதற்கான மரபணுக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இன்னொரு நோயில் இதயத்தின் வலது கீழறைத் தசை அழிந்து, அங்கே கொழுப்பும் நாரும் குடியேறுகின்றன. கடுமையான உடற்பயிற்சி இதை வேகப்படுத்தும்.

இரண்டிலும் ஆபத்தின் வேர் தசையில் விழும் வடு. வடுவின் வழியே மின்சாரம் சீராகப் பாய்வதில்லை. சுற்றி வளைத்துப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, சுழலத் தொடங்குகிறது. துடிப்பு தறிகெட்டு ஓடுகிறது. சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம்.

இந்த வடுவைத்தான் எம்ஆர்ஐ பிடிக்கிறது. வழக்கமாகப் பயன்படும் 1.5 டெஸ்லா கருவியின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமை கொண்டது. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைக் கொண்டு அது படம் வரைகிறது. இந்த முறைக்கு வழிவகுத்த பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

துடித்துக்கொண்டே இருக்கும் உறுப்பைப் படமெடுப்பது எப்படி? ஈசிஜியோடு இணைத்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே கட்டத்தில் படம் பதிகிறார்கள். நோயாளி அவ்வப்போது சில விநாடிகள் மூச்சை அடக்க வேண்டும். பிறகு கடோலினியம் கலந்த மருந்து ஊசியில் ஏறுகிறது. நல்ல தசையிலிருந்து அது சீக்கிரம் வெளியேறும், வடுவில் தங்கிவிடும். சுமார் 10 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நல்ல தசை கறுப்பாகவும் வடு வெள்ளையாகவும் தெரியும். சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு மட்டும் இந்த மருந்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

தடித்த தசை நோயில் இடது கீழறைத் தசையின் 15 சதவீதமோ அதற்கு மேலோ வடுவாகியிருந்தால் திடீர் மரண ஆபத்து கூடுதல் என்று கணக்கிடுகிறார்கள். துடிப்பு தறிகெட்டால் தானே அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியை உடலுக்குள் வைப்பதா என்ற முடிவில் இந்த அளவும் சேர்கிறது. எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லாததால், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை குழந்தைகளைக் கூடத் திரும்பப் பரிசோதிக்கலாம்.

ஆனால் எம்ஆர்ஐ எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஈசிஜியில் ‘க்யூடி’ இடைவெளி நீளும் பரம்பரை நோயில் தசை பார்வைக்குக் கச்சிதமாகவே இருக்கும். கோளாறு இருப்பது உயிரணுவின் உப்பு வாசல்களில். அதை ஈசிஜியும் மரபணுச் சோதனையும்தான் காட்டும். இதில் ஒரு வகை, பிறவிச் செவிட்டுத் தன்மையோடு சேர்ந்து வருவது. 1957இல் நார்வே டாக்டர்கள் விவரித்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது தோன்றும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். காது கேளாத குழந்தை பயத்திலோ ஓட்டத்திலோ மயங்கி விழுந்தால், வலிப்பு என்று விட்டுவிடாமல் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.

மரபணுவைக் கண்டு அளவுக்கு மீறிப் பயப்படவும் வேண்டாம். ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி ஆகியோரின் குழு 2009இல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் பிழை, துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்றது அது. முதலில் கிளம்பிய கவலை பெரியது. அந்தப் பிழை இருந்தும் பலர் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மரபணு சந்தேகத்தை எழுப்பும். இதயத்தில் உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்று காட்டுவது ஸ்கேன்.

இத்தனைக்கும் முன்னால், காசில்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது. வீட்டில் 40 வயதுக்குள் திடீரென இறந்தவர்கள் யார், யார்? குளத்தில் மூழ்கியது நீச்சல் தெரியாமலா? மயங்கி விழுந்த சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று? மூன்று தலைமுறைக்கு இதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. பல வீடுகளில் இது நடப்பதில்லை. ‘பரம்பரை நோய்’ என்ற பேச்சு வெளியே போனால் பெண்ணுக்கு வரன் அமையாது என்ற பயம் வாயை அடைத்துவிடுகிறது. பிரேதப் பரிசோதனைக்கும் சம்மதிப்பதில்லை.

சாலைக் கடைவீதியில் தாத்தா காலத்துக் கணக்கைக் கூட எடுத்துக் காட்டக்கூடிய குடும்பங்கள் உண்டு. யார் எவ்வளவு பாக்கி என்று தெரியும். யார் எப்படி இறந்தார்கள் என்ற கணக்கையும் எழுதி வைத்தால், அடுத்து விழவிருக்கும் ஒருவரை முன்கூட்டியே அந்தக் காந்தத்துக்குள் அனுப்பிவிடலாம்.