ஆட்கொணர்வு மனு: கடலூர் சிறையிலிருந்து குண்டர் சட்டம் வரை

காரணமின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்பது ஆட்கொணர்வு மனு. சட்டப்படி அல்லாமல் எவரையும் சிறையிடக் கூடாது என்று இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டா 1215இல் சொன்னது. சொன்னதை நடத்திக்காட்ட 1679இல் தனிச்சட்டம் வந்தது. கைதியைக் கொண்டுவர மறுக்கும் சிறை அதிகாரிக்கு முதல் தவறுக்கு 100 பவுண்டு அபராதம். மனுவை ஏற்க மறுக்கும் நீதிபதிக்கு 500 பவுண்டு.

அதே ஆங்கிலேயர் இங்கே வேறு கணக்கு வைத்திருந்தார்கள். விசாரணையின்றி ஆட்களை அடைத்துவைக்கச் சென்னை மாகாணத்துக்கென்று 1819இல் இரண்டாம் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டார்கள். 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 491ஆம் பிரிவில் ஆட்கொணர்வு அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்குக் கொடுத்தது. ஆனால் 1819ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்கு அது பொருந்தாது என்று அதே பிரிவிலேயே எழுதியும் வைத்தது. யாருக்கு அந்த மனு மிகவும் தேவைப்பட்டதோ அவர்களுக்குத்தான் கதவு அடைபட்டது.

விடுதலைக்குப் பிறகு முதல் பெரிய சோதனையும் சென்னை மாகாணத்திலிருந்தே புறப்பட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்தார். வழக்குகளில் விதிக்கப்பட்ட தண்டனைகள் ரத்தான பிறகும் அவர் வெளியே வரவில்லை. 1950 மார்ச் 1 அன்று, கடலூர் சிறைக்குள் இருந்தவரிடமே புதிய தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் இன்னோர் உத்தரவு நீட்டப்பட்டது. அரசியலமைப்பு அமலுக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. கோபாலன் நேராக உச்ச நீதிமன்றம் போனார்; அவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு விசித்திரமானது: தன்னை ஏன் அடைத்தார்கள் என்ற காரணத்தைக் கைதி நீதிமன்றத்தில்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் அதுவும் குற்றம்.

1950 மே 19 அன்று தீர்ப்பு வந்தது. 14ஆம் பிரிவு செல்லாது, மற்றபடி சட்டம் செல்லும் என்றது பெரும்பான்மை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி நடந்தால் போதும், அது நியாயமானதா என்று கேட்பது நீதிமன்றத்தின் வேலையில்லை என்பது அதன் சாரம். மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர்களில் நீதிபதி பசல் அலி முக்கியமானவர். பெரும்பான்மையின் அந்தக் கருத்து 1978இல் மேனகா காந்தி வழக்கில் கைவிடப்பட்டது. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றானது.

இடையில் நெருக்கடி நிலை வந்தது. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்டதும், விசாரணையின்றி அடைக்க வழிசெய்த மிசா சட்டத்தின்கீழ் கைதுகள் குவிந்தன. சென்னை மத்தியச் சிறையில் நடந்த அடிஉதைகளைப் பின்னர் நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 28இல், ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையின்போது ஆட்கொணர்வு மனு போட உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். அரசியலமைப்பின் 44ஆவது திருத்தம், உயிரையும் தனிமனித விடுதலையையும் காக்கும் 21ஆவது பிரிவை இனி எந்த நெருக்கடியிலும் தொட முடியாதபடி செய்தது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பே தவறு என்று அறிவிக்கப்பட்டது.

இன்று தமிழ்நாட்டில் ஆட்கொணர்வு மனு என்றால் பெரும்பாலும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம், அதாவது குண்டர் சட்டம்; மக்கள் வாயில் ‘குண்டாஸ்’. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ தடுப்புக்காவலுக்கு உத்தரவிடலாம். தாம்பரத்துக்குத் தனி ஆணையரகம் 2022இல் வந்தபின், சென்னையின் தென்புறநகரில் அந்தக் கையெழுத்து அங்கிருந்தே வருகிறது. ஐந்து நாளில் காரணம் தர வேண்டும், பன்னிரண்டு நாளில் அரசு ஒப்புதல் வேண்டும், அறிவுரைக் குழுமம் பார்க்க வேண்டும். அதிகபட்சம் ஓராண்டு காவல்.

கைதானவரின் தாயோ மனைவியோ போடும் மனுவை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கிறது. வழக்குகள் பெரும்பாலும் காகிதத்தில்தான் உடைகின்றன: கைதிக்குக் கொடுத்த நகலில் எழுத்து தெரியவில்லை, அவருக்குத் தெரிந்த மொழியில் ஆவணம் தரவில்லை, அவர் அனுப்பிய கோரிக்கையை அரசு காரணமின்றிக் கிடப்பில் போட்டது. இவை சில்லறைக் குறைகள் என்று காவல்துறை சலித்துக்கொள்ளும். விசாரணையே இல்லாமல் ஒருவரை ஓராண்டு அடைக்கும் சட்டத்தில் கைதிக்கு மிஞ்சியிருப்பது இந்தக் காகிதங்கள் மட்டுமே. அதனால் சலிப்புக்கு இடமில்லை. உத்தரவு ரத்தானாலும் அதற்குள் சிறையில் கழிந்த மாதங்களுக்கு அந்தச் சட்டத்தில் இழப்பீடு ஏதும் கிடையாது.