காம்பிட்: சிப்பாயைப் பலியிட்டுத் தொடங்கும் ஆட்டம் சரியா, தவறா?

சதுரங்கத்தில் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்துத் தாக்குதலில் இறங்கும் முறை ‘காம்பிட்’ எனப்படுகிறது. இது உறுதியான உத்தியா, துணிச்சல் என்ற பெயரில் செய்யப்படும் பிழையா என்பது சதுரங்க உலகில் நீண்ட காலமாக நீடிக்கும் விவாதம். சென்னையைச் சேர்ந்த விஸ்வநாதன் ஆனந்தும் இத்தகைய ஆட்டம் ஒன்றில் தோல்வியைச் சந்தித்துள்ளார்.

1995ஆம் ஆண்டு லாட்வியாவின் ரிகா நகரில் நடைபெற்ற தால் நினைவுப் போட்டியில், அவரை எதிர்த்து கேரி காஸ்பரோவ் ‘இவான்ஸ் காம்பிட்’ முறையைக் கையாண்டார். 19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றிருந்த அந்த முறை, அதன்பின் உயர்மட்டப் போட்டிகளில் அரிதாகிவிட்டிருந்தது. ஆனந்த் சிப்பாயை ஏற்றுக்கொண்டார். ஆனால், அவரது ராஜா கோட்டை கட்டிப் பாதுகாப்புத் தேட முடியாமல் நடுப்பகுதியிலேயே சிக்கியது. 25ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிவுக்கு வந்தது.

எதற்காக இந்தப் பலி?

காம்பிட் என்ற சொல், காலை இடறிவிடுவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ் 1561ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதைச் சதுரங்கத்துக்குப் பயன்படுத்தினார். எதிராளி சிப்பாயை வெட்டுவதில் நகர்த்தல்களைச் செலவிடும்போது, கொடுத்தவர் தமது காய்களை விரைவாகக் களமிறக்கி, பலகையின் நடுப்பகுதியைக் கைப்பற்றுகிறார். அதாவது, இங்கு பொருளைக் கொடுத்து நேரம் வாங்கப்படுகிறது.

வெற்றி மட்டும் சான்றாகுமா?

1851ஆம் ஆண்டு லண்டனில் ஆண்டர்சன், ‘கிங்ஸ் காம்பிட்’ மூலம் தொடங்கிய ஆட்டத்தில் ராணியையும் இரு யானைகளையும் பலியிட்டு வென்றார். ‘அழியாத ஆட்டம்’ என அது இன்றும் போற்றப்படுகிறது. எனினும், துல்லியமாகப் பதிலளித்தால் இந்தத் தொடக்கத்தில் கறுப்புக் காய்களுக்கே சற்றுச் சாதகம் என இன்றைய கணினி நிரல்கள் மதிப்பிடுகின்றன.

இதற்கு நேர்மாறானது மார்ஷல் தாக்குதல். 1918ஆம் ஆண்டு நியூயார்க்கில் கபபிளாங்காவுக்கு எதிராக இதைப் பயன்படுத்திய ஃபிராங்க் மார்ஷல் தோற்றார். ஆனால், காலப்போக்கில் இந்தக் காம்பிட் உறுதியானது என நிலைநாட்டப்பட்டது. இன்று வெள்ளைக் காய்களுடன் ஆடும் முன்னணி வீரர்கள் பலர், இதைத் தவிர்ப்பதற்கென்றே மாற்று வழிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

ஆக, ஒரு காம்பிட்டின் தரத்தை ஓர் ஆட்டத்தின் முடிவு தீர்மானிப்பதில்லை. எதிராளியின் மிகச் சிறந்த பதிலுக்குப் பின்னரும் ஈடு எஞ்சியிருக்கிறதா என்பதே உண்மையான அளவுகோல்.

பெயரில் மட்டும் காம்பிட்

‘குயின்ஸ் காம்பிட்’ தனி வகை. இதில் தரப்படும் சிப்பாயை வெள்ளை பெரும்பாலும் எளிதில் மீட்டுவிட முடியும் என்பதால், இது உண்மையான பலி அல்ல. 2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற உலக சாம்பியன்ஷிப்பின் மூன்றாவது ஆட்டத்தில், சென்னை வீரர் குகேஷ் இந்தத் தொடக்கத்தில்தான் டிங் லிரெனை வென்றார். டிங் சிப்பாயை ஏற்கவில்லை. சிக்கலான நிலையில் அவரது கடிகார நேரமும் தீர்ந்துபோனது.

தவறானது என்றாலும் ஆடலாமா?

1960ஆம் ஆண்டு ஸ்பாஸ்கியின் கிங்ஸ் காம்பிட்டிடம் தோற்ற பாபி ஃபிஷர், மறு ஆண்டே அந்தத் தொடக்கம் தோல்வியில்தான் முடியும் எனக் கட்டுரை எழுதினார். ஆயினும், 1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் அவரே கிங்ஸ் காம்பிட் ஆடி, லாரி இவான்ஸை வென்றார். கோட்பாட்டில் குறையுள்ள ஒன்று, தயாராக இல்லாத எதிராளியிடம் பலிக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

விரைவு ஆட்டங்களில் சரியான பதிலைக் கண்டறிய எதிராளிக்கு அவகாசம் குறைவு என்பதால், அங்கு காம்பிட்டின் மதிப்பு கூடுகிறது. நீண்ட நேர ஆட்டங்களில், அதுவும் முன்கூட்டியே தயாரித்து வரும் எதிராளியிடம், அதே மதிப்பு சரிகிறது.

வளரும் வீரர்களுக்கு காய்களின் ஒருங்கிணைப்பையும் தாக்குதலையும் கற்றுத்தர காம்பிட் உதவும். ஆனால், எதிராளியின் பிழையால் கிடைத்த வெற்றியைத் தொடக்கத்தின் சிறப்பாக எண்ணினால், அதே நகர்த்தல் வலுவான போட்டியில் கைவிட்டுவிடும். வென்ற ஆட்டத்தையும் மீண்டும் ஆராய்ந்து, எதிராளி தவறவிட்ட பதிலைக் கண்டறிவதே இதற்கான தீர்வு.