பாஸ்புக்கை இன்னொரு முறை புரட்டுகிறவர்

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் டெத் க்ளெய்ம் பார்க்கும் மேசைக்கு வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு துணிக்கடைப் பை இருக்கும். அதற்குள் பாலிசி பாண்டு, ரேஷன் கார்டு, இறந்தவரின் ஆதார், என்றோ கட்டிய பிரீமிய ரசீதுகள் நாலைந்து. இவற்றோடு லேமினேட் செய்த இறப்புச் சான்றிதழ் ஒன்று. கல்யாணப் போட்டோவைக்கூட லேமினேட் செய்யாத குடும்பம் இதை மட்டும் செய்துவிடுகிறது. தொலைந்தால் மறுபடி யாரிடம் போய் நிற்பது என்ற பயம்தான் காரணம்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிளை ஒன்றில் நெடுநாள் இந்த மேசையில் இருந்து ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரைச் சந்தித்தேன். பெயர் போட வேண்டாம் என்றார். மேடம் என்றே சொல்கிறேன். வருகிறவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். “தினமும் சாவையே பார்த்துக்கிட்டு எப்படி இருந்தீங்க?” என்று, எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

“சாவை எங்க பார்த்தேன்? பேப்பரைத்தான் பார்த்தேன். கூட உட்கார்ந்து அழ அவங்க வீட்ல ஆள் இருக்கு. இந்த ஃபாரத்துல எது குறையுதுன்னு சொல்றதுக்கு என்னை விட்டா ஆள் இல்லையே.”

முதலில் கேட்கும்போது வறட்சியாகத்தான் இருந்தது. பேசப் பேச, இந்த வேலையில் இரக்கம் எங்கே இருக்கிறது என்பதை இவ்வளவு சரியாகச் சொன்னவர் வேறு யாருமில்லை என்று பட்டது.

இங்கே இரக்கம் என்பது முதலில் பஸ் கட்டண விஷயம். ஒரு நாளைக்கு இரண்டே பஸ் வருகிற ஊரிலிருந்து ஒரு பெண், அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார். முதல் முறை வந்தால் ‘பாஸ்புக் ஜெராக்ஸ் கொண்டாங்க’. அடுத்த முறை ‘பாரத்துல சாட்சிக் கையெழுத்து இல்லை’. அதற்கும் அடுத்த முறை ‘பேர்ல ஸ்பெல்லிங் ஒத்துவரலை’. மூன்று பதிலுமே சரியானவை. எந்த விதியும் மீறப்படவில்லை. அந்தப் பெண்ணுக்கு மூன்று நாள் கூலி போயிற்று, அவ்வளவுதான். மேடத்தின் வழக்கம் வேறு. பையில் இருப்பதையெல்லாம் மேசையில் கொட்டச் சொல்வார். எது இருக்கிறது, எது இல்லை, இல்லாததை எந்த அலுவலகத்தில் யாரிடம் வாங்க வேண்டும் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே தாளில் எழுதிக் கொடுப்பார். வந்தவருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை படித்துச் சொல்லும்.

ஸ்பெல்லிங் தகராறு லேசுப்பட்டதல்ல. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதற்கு நம் ஊர் ஆவணங்களே சாட்சி. பாண்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்புக்கில் வேறொன்று. இன்ஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், கல்யாணத்துக்குப் பிறகு எழுத்தே மாறிவிடும். நாமினியும் கணக்கு வைத்திருப்பவரும் ஒரே ஆள்தான் என்று ஒரு கையெழுத்து வாங்கினால் தீர்கிற விஷயத்துக்கு, கெஜட்டில் பெயர் மாற்றம் வரை போகச் சொன்ன கதைகளும் உண்டு. எந்த இடத்தில் எந்தக் கையெழுத்து போதும் என்று தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் குடும்பத்துக்கு இரண்டு மாத அலைச்சல் மிச்சம்.

தெரிந்திருப்பது என்று சொல்லும்போது எனக்கு முதலில் தோன்றுவது லாப்ஸ் ஆன பாலிசிகள். கொத்தனார் ஒருவர் ஆறு ஆண்டு ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிறார். உடம்பு சரியில்லாமல் போக, வேலை நிற்கிறது, டியூவும் நிற்கிறது. எட்டு மாதம் கழித்து இறந்துபோகிறார். ‘கட்டாம விட்டுட்டாரே, ஒண்ணும் வராது’ என்று ஊரில் நாலு பேர் சொல்லிவிடுகிறார்கள். பாண்டு டிரங்குப் பெட்டிக்குள் போய்விடுகிறது. ஆனால் எல்.ஐ.சி.யின் பழைய பாலிசிகள் பலவற்றில் ஒரு சலுகை இருக்கிறது. 5 ஆண்டு பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்து, கட்டாமல் விட்ட முதல் டியூவிலிருந்து 12 மாதத்துக்குள் இறப்பு நேர்ந்தால், பாக்கிப் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு முழுத் தொகையும் தரலாம். 3 ஆண்டு கட்டியிருந்தால் 6 மாதம். இது யாரும் கெஞ்சி வாங்கும் தர்மமல்ல. விதியே கொடுக்கிற பணம். அந்த விதி இருப்பது பெண்டாட்டிக்குத் தெரியாது. மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியும். தெரிந்தவர் வாயைத் திறக்கிறாரா என்பதுதான் கேள்வி.

மேடத்துக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. பணம் போட வேண்டிய கணக்கு எண்ணுக்காக நாமினியின் பாஸ்புக்கை வாங்குவார். கூடவே இறந்தவரின் பாஸ்புக்கையும் கேட்பார். மே மாதக் கடைசிப் பக்கத்துக்குப் போவார்.

“இந்த 436 ரூவா என்னன்னு தெரியுமாம்மா?”

“தெரியலையே மேடம். பேங்க்ல எதுக்கோ புடிச்சிருப்பாங்க.”

பிடித்தது பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டத்துக்கு. 2015இல் 330 ரூபாயில் தொடங்கி, 2022 ஜூனில் 436 ஆனது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாளில் மட்டும் விபத்து மரணத்துக்குத்தான் பணம். பக்கத்திலேயே 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடான சுரக்ஷா பீமா. அதிலும் 2 லட்சம். வங்கியில் ஏதோ ஒரு நாள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர் வீட்டில் அதைச் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால்தானே குடும்பம் கேட்கும்? இந்தப் பணம் வங்கி வழியாக வர வேண்டியது. மேடத்தின் மேசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, பென்சிலால் ஒரு கோடு போட்டு, ‘இதைக் கொண்டுபோய் பேங்க் மேனேஜர்கிட்ட காட்டுங்க’ என்று அனுப்புவார். டெல்டாவில் வயலில் பாம்பு கடித்து இறக்கிறவர்கள் உண்டு. பாம்புக்கடி இந்த 20 ரூபாய்த் திட்டத்தில் விபத்துதான், ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவு வேண்டும். மந்திரிக்கக் கூட்டிப்போய் வீட்டோடு முடிந்துபோனவர்களுக்கு அந்தக் காகிதம் இருக்காது. அங்கே மேடத்தாலும் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். கொடுப்பது மட்டுமே இரக்கம் என்றால் இந்த வேலைக்கு ஆளே வேண்டாம், செக் புத்தகம் போதும். இருக்கிற பணம் கம்பெனி முதலாளியுடையது அல்ல. ஊரெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. 1956 செப்டம்பர் 1ஆம் தேதி எல்.ஐ.சி. உருவானபோது 245 காப்பீட்டு நிறுவனங்களையும் பிராவிடண்ட் சங்கங்களையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். மக்கள் கட்டிய பணத்தைத் தனியார் சிலர் கையாண்ட விதமும் அதற்கு ஒரு காரணம். அப்படிச் சேர்த்த பணத்துக்கும் அடுத்த ஆண்டே சோதனை வந்தது. முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு எல்.ஐ.சி. பணம் போனதை ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். நிதியமைச்சராக இருந்த நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். பாலிசிதாரர் பணம் என்பது யாரோ ஒருவர் இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுக்கிற பணமல்ல என்பது அன்றே எழுதப்பட்டுவிட்டது. அது அமைச்சருக்கும் பொருந்தும், இளகிய மனதுள்ள க்ளார்க்குக்கும் பொருந்தும்.

அதனால்தான் பாலிசி எடுத்துக் கொஞ்ச நாளிலேயே வருகிற மரணத்தை, ‘ஏர்லி க்ளெய்ம்’ என்று தனியாக வைத்து விசாரிக்கிறார்கள். சிகிச்சை தந்த டாக்டரின் சான்று, ஆஸ்பத்திரிச் சான்று, வேலை பார்த்த இடத்துச் சான்று எல்லாம் கேட்பார்கள். சுடுகாட்டுக்குக் கூடவே போன, ஊரில் மதிப்புள்ள ஒருவர், இன்னாரைத்தான் எரித்தோம் அல்லது புதைத்தோம் என்று எழுதித் தர வேண்டிய படிவம்கூட உண்டு. விசாரிக்கப் போகிறவர் டீக்கடையில் கேட்பார், மெடிக்கல் ஷாப்பில் கேட்பார். காரியம் முடியாத வீட்டில் போய், ‘அவருக்கு முன்னாடியே சுகர் இருந்துச்சா?’ என்று கேட்பது லேசான வேலையில்லை. செய்துதான் ஆக வேண்டும்.

ஆனால் அந்த வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம். மறுக்கக் காரணம் தேடிப் போகலாம், நடந்ததைத் தெரிந்துகொள்ளப் போகலாம். ‘நோய் இருந்ததா’ என்ற கேள்விகளுக்கு ப்ரொபோசல் படிவத்தில் வரிசையாக ‘இல்லை’ என்று போட்டிருப்பது யார் எழுத்து? பல சமயம் ஏஜெண்டுடையது. கையெழுத்து மட்டும்தான் பாலிசிதாரருடையது, அல்லது கைநாட்டு. படிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியில் விளக்கிச் சொன்னேன் என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்திலேயே இடம் இருக்கிறது. அது நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் விசாரணைதான். சட்டமும் ஓர் எல்லை போட்டிருக்கிறது. 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்ட பிறகு, 3 ஆண்டு ஓடிய பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. என்னைக் கேட்டால், இந்தியச் சட்டப் புத்தகங்களில் சாமானியர் பக்கம் சாய்ந்து எழுதப்பட்ட வரிகளில் இதற்கு நல்ல இடம் உண்டு.

மறுத்தே ஆக வேண்டிய க்ளெய்ம்களும் வரும். மறுக்கும்போது அடுத்து எங்கே போகலாம் என்று சொல்லி அனுப்புவது நல்ல அலுவலரின் அடையாளம். சென்னை தேனாம்பேட்டையில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, மறுத்த ஓராண்டுக்குள் எழுதிப் போட வேண்டும். ‘நம்ம ஆபீஸ் மேலேயே புகார் கொடுக்கச் சொல்லிக் கொடுக்கிறீங்களே’ என்று சக ஊழியர்கள் மேடத்தைக் கிண்டல் செய்ததுண்டு.

விதியிலேயே ஈரம் இல்லாத இடமும் ஒன்று உண்டு. காணாமல் போனவர்கள் விஷயம். திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை, கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலிருந்து இன்றுவரை ஒரே கணக்குதான்: 7 ஆண்டு எந்தத் தகவலும் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம். ஆனால் எந்த நாளில் இறந்தார் என்று சட்டம் ஊகிக்காது. 2004இல் அனுராதா என்பவர் தொடர்புடைய எல்.ஐ.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இடையில் பிரீமியம் நின்று பாலிசி காலாவதியாகிவிட்டால், ஏழாம் ஆண்டு முடிவில் முழுத் தொகை கேட்க முடியாது. 2013 உத்தராகண்ட் வெள்ளம் போன்ற பேரிடர்களில் காணாமல் போனவர்களுக்கு அரசு ஏழாண்டு காத்திருக்காமல் இறப்புச் சான்று தர வழி செய்தது. தனியாகக் காணாமல் போகிறவருக்கு அந்த வழி இல்லை. ஆகவே, சம்பாதித்தவரே இல்லாத வீட்டுக்காரியிடம், இன்னும் ஏழு வருஷம் அவர் பேரில் பணம் கட்டு என்று சொல்ல வேண்டும்.

மேடம் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கேட்டாளாம்: “இருக்காருன்னு நெனச்சுக் கட்டவா மேடம், இல்லைன்னு நெனச்சுக் கட்டவா?”

“எப்படி வேணும்னாலும் நெனச்சுக்கம்மா. டியூ தேதியை மட்டும் விட்டுடாதே.”

கடன்காரர்களும் இந்த மேசைக்கு வருவார்கள், ‘அண்ணன்’ என்றோ ‘தெரிஞ்சவர்’ என்றோ. ஃபாரம் நிரப்பும்போது, க்ளெய்ம் கேட்டு வந்த பெண்ணைவிட கூட வந்த அவர்தான் அதிகம் பேசுவார். எப்போது பணம் ஏறும் என்று அவர்தான் கேட்பார். மேடம் அவரை வெளியே ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிவிட்டு, ‘பணம் உங்க கணக்குலதான் ஏறும், வெத்துச் செக்குல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களா?’ என்று கேட்பாராம். 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகள் பேருக்கு எடுத்த பாலிசியில் கணவனின் கடன்காரர் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே ஒரு படிவம் சேர்த்துக் கொடுத்தால் போதும். கடன் வாங்கித் தொழில் செய்கிற எத்தனை பேரிடம் ஏஜெண்டுகள் இதைச் சொல்லியிருக்கிறார்கள்?

மேடத்தை அதிகம் வருத்தியது இதைவிடச் சாதாரணமான விஷயம், நாமினி. பையன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாலிசி எடுக்கிறான், அம்மாவை நாமினியாகப் போடுகிறான். கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, நாமினியை மாற்ற யாருக்கும் நினைவில்லை. பைக் விபத்தில் அவன் போய்விட்டால் அலுவலகம் அம்மா பேருக்குத்தான் பணம் கொடுக்கும். கைக்குழந்தையோடு மருமகள் ஒரு பெஞ்சில், மாமியார் எதிர் பெஞ்சில், நடுவில் ஃபைல். மாமியார் கெட்டவர் என்றில்லை. அவருக்கும் பிள்ளை போயிருக்கிறான். மேடம் இரண்டு பேரிடமும் பேசி, குழந்தை பேரில் ஒரு பகுதியை டெபாசிட் போடச் சொல்லிப் பார்ப்பார். சில இடங்களில் கேட்டார்கள், சில இடங்களில் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மேடம் தன் கிளை ஏஜெண்டுகளைப் பிடித்துக்கொண்டார்: கல்யாணப் பத்திரிகை வந்தால் நாமினி மாற்றும் படிவம் போக வேண்டும். பலர் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் இன்றும் விடாமல் செய்கிறார். அவருக்குள்ள ஒரே சிக்கல், இப்போதைய நாமினியான அம்மாவும் மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார் என்பதுதான். அதனால் படிவத்தை நாலாக மடித்து, 101 ரூபாயோடு மொய்க் கவருக்குள் வைத்து, ‘கவரை நீங்களே பிரிச்சுப் பாருங்க தம்பி’ என்று காதில் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்.